உப்பு படிந்த பாத்தி

லோயிசோஸ் காலையில் எழுந்தவுடன் காப்பி குடிப்பதில்லை. முதலில் மனைவி எலெங்கூவைக் கட்டிலிலிருந்து தூக்கிச் சக்கர நாற்காலியில் அமர்த்துவார்; முழங்காலைக் கம்பளியால் மூடுவார்; முற்றத்து ஒலிவ மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போவார். தாழ்ந்த கிளை ஒன்று அவள் கன்னத்தை உரசும் இடம் பார்த்து நாற்காலியை நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைப்பார். அதன் பிறகு சமையலறைக்குப் போய் ஒலிவக்காய் ஊறும் சாடிகளில் ஒன்றைத் திறந்து, பழைய நீரை வாளியில் வடித்தெடுத்துப் புது நீர் மாற்றுவார். வாளியை இரண்டு கையாலும் தூக்கி வந்து, மரத்தைச் சுற்றியிருந்த சிறு பாத்தியில், பச்சைக் குழந்தைக்கு வெந்நீர் ஊற்றுகிறவர்போலப் பதமாக ஊற்றுவார்.

அந்த வேளையில்தான் எலெங்கூவுக்குக் குரல் வரும்.

மூளையில் இரத்தம் கசிந்து, பேச்சும் வலப்பக்கமும் அவளைக் கைவிட்ட நாளிலிருந்து வேறு எதற்கும் அவள் வாய் திறந்ததில்லை. மகள் இலண்டனிலிருந்து தொலைபேசியில் தேம்பியபோதும் திறக்கவில்லை. பாதிரியார் வந்து நெற்றியில் எண்ணெய் பூசியபோதும் திறக்கவில்லை. வாளி சாயும்போது மட்டும் "ஆ... ஆஆ..." என்று அடிவயிற்றிலிருந்து ஓர் ஒலி கிளம்பும். இடக்கை எழுந்து காற்றைத் துழாவும். கண்களில் நீர் தளும்பும்.

"இந்தா, ஊத்திட்டேன் தாயே. உன் பிள்ளை குடிச்சிருச்சு. இப்ப சந்தோஷமா?" என்பார் லோயிசோஸ். அவருக்கும் கண் நிறைந்துவிடும்.

லார்னகா நகரத்து ஆஸ்பத்திரியில் அந்த இளம் மருத்துவர் சொன்ன சொல்லை அவர் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தார். "எதைச் செஞ்சா அவங்களுக்குக் குரல் வருதோ, அதை விடாம செய்ங்க. குரல் வந்தா ஒருநாள் வார்த்தையும் வரலாம்." தொடக்கத்தில் நீர் கலங்கிய சாடியை மட்டுமே மாற்றியவர், பிறகு கலங்காத சாடியையும் மாற்றத் தொடங்கினார். சாடிகள் போதாமல் புதிய சாடிகள் வாங்கினார். மனைவியின் குரலைக் கேட்க வேறு வழி அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

இந்தப் பழக்கம் அவராகக் கண்டுபிடித்ததன்று. பச்சை ஒலிவக்காயைக் கல்லால் தட்டி, கசப்பு இறங்கும்வரை தண்ணீரில் ஊறப்போட்டு, நாள்தோறும் நீர் மாற்றுவார்கள். அந்தக் கசப்புத் தண்ணீரைத் தெருவில் கொட்ட எலெங்கூவுக்கு மனம் வராது. "மரத்தோட பாலு இது" என்று சொல்லி மரத்துக்கே ஊற்றுவாள். விடியற்காலையில் பேருந்தை எடுக்கக் கிளம்பும்போது லோயிசோஸ் அதை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறார். கசப்பு இறங்கிய பிறகு, முட்டை மிதக்கும் அளவுக்கு உப்புக் கரைத்த நீரில் காயைப் போட்டு வைப்பார்கள். அந்த நீரும் அவ்வப்போது மாறும். அதை எலெங்கூ எங்கே கொட்டினாள் என்று அவர் பார்த்ததில்லை. அந்த நேரங்களில் அவர் மலைப்பாதையில் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

சமையலறைப் பொறுப்பு தம் கைக்கு வந்தபோது அவர் தமக்குள் ஒரு கணக்குப் போட்டார். ஓராண்டு முழுவதும் காயைக் கெடாமல் காக்கிற நீர், காய்த்த மரத்தைக் காக்காதா? ஆகையால் எல்லாச் சாடி நீரும் பாத்திக்கே போயிற்று.

*

அந்த மரத்துக்கு ஒரு வழக்கு உண்டு. மண் ஒருவருக்கும் அதில் நிற்கும் மரம் இன்னொருவருக்கும் சொந்தமாக இருப்பது சைப்ரஸின் அந்த மலையடிவாரத்தில் யாருக்கும் புதுமையன்று. எலெங்கூவின் தகப்பனார் பிள்ளைகளுக்குப் பாகம் பிரித்தபோது, வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தார். முற்றத்து ஒலிவ மரத்தை அடுத்த வீட்டிலிருந்த மகன் ஹம்பீஸுக்கு எழுதினார். மரக்காரன் மரத்திடம் வந்துபோக வழி வேண்டும் என்பது ஊர் முறை. அதனால் இரு வீட்டுக்கும் பொதுவான மதிலில் ஒரு சிறு கதவு வைத்தார்கள். அதற்குத் தாழ்ப்பாள் வைக்கவில்லை. ஹம்பீஸ் ஆண்டுதோறும் அந்தக் கதவைக் குனிந்து கடந்து வருவார், காய் உலுப்புவார், முதல் கூடையை அக்காவின் காலடியில் வைத்துவிட்டு மீதியை எடுத்துப் போவார். ஊரிலேயே உயரமான மனிதர் அவர். கதவில் இடித்து நெற்றியில் வீக்கத்தோடு அவர் நிற்பதும் எலெங்கூ சிரிப்பதும் அறுவடைச் சடங்கின் ஒரு பகுதியாகவே ஆகியிருந்தன.

எலெங்கூ நாற்காலியில் விழுந்த பிறகு, சக்கரம் மண்ணில் புதையாமலிருக்க லோயிசோஸ் முற்றம் முழுவதும் சிமெண்டுத் தளம் போட்டார். மரத்தைச் சுற்றி ஒரு சிறு சதுரம் மட்டும் மண்ணாக மிஞ்சியது. ஹம்பீஸ் வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார்.

"அத்தான், என் மரத்தோட கழுத்தை நெரிச்சுட்டீங்களே."

"மரத்துக்குக் கழுத்து வலிக்குதாக்கும்! உன் அக்கா சக்கரம் சேத்துல மாட்டினா உனக்கு எங்க மச்சான் வலிக்கும்?"

"அக்காவுக்குத் தளம் வேணும், சரி. ஒரு பாதை மட்டும் போட்டாப் போதாதா? மழைத்தண்ணி எப்படி இறங்கும்?"

"வானத்துல மழை இருந்தால்ல இறங்குறதுக்கு!"

பேச்சு தடித்தது. "அப்ப மரத்தை வெட்டி எடுத்துட்டுப் போயிடறேன். என் பாலடுப்புக்கு விறகாவது ஆகும்" என்று ஹம்பீஸ் ஆத்திரத்தில் சொல்லிவிட்டார். மறுநாளே வெட்கப்பட்டு, மனைவி சொதீராவிடம் ஹலூமி என்னும் பாலாடைக்கட்டி கொடுத்தனுப்பினார். ஹம்பீஸ் வீட்டுத் தொழிலே அதுதான். ஆட்டுப்பாலைக் கொப்பரையில் காய்ச்சித் திரித்து, கட்டியாக்கி, உப்பிட்டு விற்பது. லோயிசோஸ் கட்டியைத் தின்றார். சொல்லை விழுங்காமல் அடக்கி வைத்துக்கொண்டார்.

*

மழை அந்தக் குளிர்காலமும் பொய்த்தது. தை கழிவதற்குள் ஒலிவ மரத்தின் இலை நுனிகள் தீயில் காட்டியதுபோலக் கருகின. அப்புறம் இலைகள் விழத் தொடங்கின. எலெங்கூவின் மடியில், தோளில், நரைத்த தலையில் விழுந்தன. லோயிசோஸ் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டு மரத்தை அண்ணாந்து பார்ப்பார். கிளைகளுக்கிடையே முன்பு தெரியாத வானம் தெரிந்தது.

அவர் செய்யாத வைத்தியமில்லை. ஆட்டெரு போட்டார். தேவாலயத்தில் மந்திரித்து வைத்திருந்த குருத்தோலை ஞாயிற்றின் ஒலிவ இலைகளைத் தணலில் இட்டு, கண்ணேறு கழியும்படி மரத்தையும் மனைவியையும் சேர்த்துப் புகை சுற்றினார். குழாய்த் தண்ணீர் வாரத்தில் ஓரிரு வேளைதான் வந்தது. அதில் குடிக்க எடுத்தது போக மிஞ்சியதையும் ஊற்றினார். எல்லாவற்றுக்கும் மேலாகச் சாடி நீரை இன்னும் அதிகமாக ஊற்றினார். எலெங்கூவின் குரல் அப்போதெல்லாம் வீறிட்டு எழுந்தது. "பாத்தியா, உனக்கே தெரியுது மரத்துக்கு எது வேணும்னு" என்று தழுதழுத்தார்.

அவர் அஞ்சியது ஒன்றே ஒன்று. இந்த மரம் போனால் இவளும் போய்விடுவாள். இரவில் அவள் மூச்சைக் கவனித்துக்கொண்டே படுத்திருப்பார். காற்றில் இலை உதிரும் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

ஒரு காலை, பாத்தி மண்ணின் மேல் வெள்ளைப் படலம் ஒன்று பூத்திருப்பதைக் கண்டார். காய்ந்த பால் ஆடைபோல இருந்தது. மதிலை நோக்கி அவர் தலை திரும்பியது. மதிலுக்கு அந்தப் பக்கத்தில்தான் ஹம்பீஸின் கொப்பரை. கட்டி எடுத்த பிறகு மிஞ்சும் வெந்த பால்நீர் அங்கேதான் வாளி வாளியாக இருக்கும். 'பாலடுப்புக்கு விறகாவது ஆகும்.' அடக்கி வைத்திருந்த சொல் எழுந்து வந்து நெஞ்சில் நின்றது. குனிந்து அந்த வெள்ளையை ஒரு விரலால் தொட்டுப் பார்க்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. மனம் முடிவெடுத்த பிறகு விரலுக்கு என்ன வேலை?

அன்று மாலை பியேரிஸின் காப்பிக்கடை நிறைந்திருந்தது. ஹம்பீஸ் சீட்டாடிக்கொண்டிருந்தார். லோயிசோஸ் உட்காராமல் நின்றார்.

"கொதிக்கிற பால்தண்ணியை என் முத்தத்துல ஊத்துறியே, உனக்கு மனசாட்சி இருக்கா?"

ஹம்பீஸ் சீட்டிலிருந்து தலையை எடுத்தார். "என்ன அத்தான் சொல்றீங்க?"

"தெரியாத மாதிரி கேக்காத. நாங்க தூங்கினப்புறம் அந்தக் கதவு வழியா வந்து ஊத்துற. மரம் செத்தா விறகு உனக்கு. உன் அக்கா செத்தா வீடும் உனக்கு. அதானே?"

கடையில் பகடை உருட்டும் சத்தம்கூட நின்றுபோயிற்று.

"யோவ் லோயிசோஸ், மரம் அவனோடதுய்யா. தன் மரத்தை எவனாவது தானே கொல்லுவானா?" என்றார் கடைக்காரர் பியேரிஸ்.

"கொல்றவன்கிட்டப் போய்க் கேளு."

"வேளாண்மை ஆபீஸ்ல சொல்லி ஆளை வரச் சொல்லு. பாத்துச் சொல்லிட்டுப் போறான்."

"வந்தவன் முதல்ல மரம் யாருதுன்னு கேப்பான். இவன் வந்து முன்னால நிப்பான். எனக்கு யாரும் வேணாம்."

ஹம்பீஸ் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். அவருடைய தலை விளக்கில் இடித்தது, யாரும் சிரிக்கவில்லை. "என் கூடப்பிறந்தவ சாகணும்னு நான் நினைச்சேன்னு சொல்லிட்டீங்க" என்றார். குரல் மிகவும் தணிந்திருந்தது. வெளியே போனார். அதன் பிறகு அவர் அந்தக் கடைப்பக்கம் வரவில்லை. ஆனால் பேச்சு அங்கேயே தங்கி விட்டது. சிலர் நம்பினார்கள், சிலர் நம்பவில்லை, எல்லாரும் பேசினார்கள். ஹம்பீஸின் கட்டியை வாங்க வந்தவர்கள்கூட ஒரு நொடி தயங்கி முகர்ந்து பார்த்து வாங்கினார்கள்.

மறுநாள் லோயிசோஸ் சிமெண்டுக் கற்கள் கொண்டுவந்து மதில் கதவை அடைத்தார். கல்லின்மேல் கல் ஏறும்போது, பின்னால் நாற்காலியிலிருந்து "ஆ... ஆஆ..." என்ற ஒலி கேட்டது. வாளி சாயாமல் எலெங்கூ குரல் எழுப்பியது அதுவே முதல் முறை. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"ஆமா தாயே. இனிமே எவனும் வரமாட்டான். பயப்படாத."

*

ஈஸ்டர் வந்தது. விடியலில் மதிலின் மேல் ஒரு தட்டு தெரிந்தது. கட்டியும் புதினாவும் வைத்துச் சுட்ட பண்டிகை அப்பம். தட்டைப் பிடித்திருந்த கை சொதீராவினுடையது.

"அண்ணே, அண்ணிக்குக் கொஞ்சம் பிச்சுக் குடுங்க. அவங்களுக்குப் பிடிக்கும்."

"எங்க வீட்ல அடுப்பு எரியுது தங்கச்சி. எடுத்துட்டுப் போ."

கை இறங்கவில்லை. தட்டை மதில்மேலேயே வைத்துவிட்டு அவள் போய்விட்டாள். பூனைகள் தின்றன.

சில நாள் கழித்து மதிலுக்கு மேல் ஹம்பீஸின் தலை தெரிந்தது. ஏணி வைத்துக்கொள்ள அவருக்குத் தேவையிருக்கவில்லை.

"அத்தான், மரத்தை விடுங்க. அது எக்கேடோ கெட்டுப் போகட்டும். என் அக்காவை மட்டும் பாக்க விடுங்க."

"பாக்குறியே, அதோட போ."

"கதவைத் திறங்க."

"கதவு எங்க இருக்கு? சுவர்தான் இருக்கு."

எலெங்கூவின் இடக்கை மதிலை நோக்கி நீண்டது. லோயிசோஸ் சக்கரத்தின் கல்லை உதைத்துத் தள்ளிவிட்டு, நாற்காலியைத் திருப்பி வீட்டுக்குள் கொண்டு போய்விட்டார். "மெலிஞ்சு போயிட்டா அத்தான்! என்ன சாப்பாடு குடுக்குறீங்க?" என்று பின்னால் கேட்ட குரலுக்குக் கதவைச் சாத்தினார்.

அவள் மெலிந்துதான் போயிருந்தாள். அவளுக்குப் பிடித்ததென்று உண்டது அந்த மரத்து ஒலிவக்காய் ஒன்றே. கொத்தமல்லி விதை நசுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து அவர் ஊட்டினால் மெல்லுவாள். இப்போது அதற்கும் உதட்டை இறுக்கிக்கொண்டாள். கோடை நெருங்கியபோது மரத்தின் ஒரு பக்கம் முற்றிலும் மொட்டையாகிவிட்டது. கன்னத்தை உரசிய தாழ்ந்த கிளை சுள்ளியாகி, அவள் தோலைக் கீறியது. லோயிசோஸ் அதை ஒடித்துப் போட முடியாமல், பழந்துணியைச் சுற்றி வைத்தார். மொட்டைக் கிளைகளின் நிழல் கம்பி வலைபோல அவள்மேல் விழுந்தது. குரலும் தேய்ந்துகொண்டே வந்தது. அவர் வாளியைத் தூக்கினால், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணை மூடினாள்.

"ஏன் தாயே பேசமாட்டேங்குற? ஒரு தடவை கத்து. எனக்காகக் கத்து" என்று அவள் முன்னால் மண்டியிட்டுக் கெஞ்சினார். அவள் கத்தவில்லை. கடைசிச் சாடிகள் இரண்டையும் சேர்த்து ஒரே வாளியில் வடித்தார். இவ்வளவு நீரைக் கண்டால் குரல் வராமலா போகும்? வாளியை நாற்காலியின் பக்கத்தில் வைத்துவிட்டுத் துணி எடுக்கத் திரும்பினார்.

தண்ணீர் சலசலத்தது. எலெங்கூ, உடல் முழுவதையும் ஒரு பக்கம் சாய்த்து, இடக்கையை வாளிக்குள் விட்டிருந்தாள். நாற்காலி கவிழப்போகும் நிலையில் இருந்தது. அவர் பாய்ந்து தாங்கினார். அவள் ஈரக்கையை எடுத்துத் தன் நாவில் வைத்தாள், முகம் சுளித்தாள். பிறகு அந்த விரல்களை அவருடைய உதட்டின்மேல் அழுத்தினாள். அவர் புரியாமல் விழித்தார். மறுபடியும் வாளிக்குள் விட்டாள். மறுபடியும் அவர் வாயில் வைத்தாள். இம்முறை பல் இடுக்கு வழியே உள்ளே திணித்தாள்.

உப்பு. கடலை விழுங்கியதுபோல நாக்கு சுருண்டது.

அவளுடைய கை இப்போது மரத்தடியைக் காட்டிக்கொண்டிருந்தது. லோயிசோஸ் தவழ்ந்து போனார். பாத்தியின் வெள்ளைப் படலத்தை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். பாலின் புளிப்பு இல்லை. அதே உப்பு, அவர் கையால் முட்டை மிதக்கவிட்டுப் பதம் பார்த்த அதே உப்பு.

அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். நாள்தோறும் அவள் எழுப்பிய குரலெல்லாம் ஒவ்வொன்றாக அவர் காதில் திரும்பி வந்தது. சந்தோஷம் என்று நினைத்துக் கண் நனைந்தாரே, அந்தக் குரல். 'வேண்டாம், வேண்டாம்' என்று அவள் கதறிய குரல். அதைக் கேட்பதற்காகவே அவர் இன்னும் ஊற்றினார். வாயில்லாதவள் தன் கண்ணெதிரே தன் மரம் சாவதைப் பார்க்க, சக்கரத்துக்குக் கல் வைத்துப் பூட்டினார். கல் அடுக்கியபோது கத்தினாளே, அது?

"எலெங்கூ" என்றார். அவள் மடியில் தலையைப் புதைத்துக்கொண்டு, வயதானவர்கள் அழக் கூச்சப்படுவதுபோலக் கூச்சப்படாமல் அழுதார். சற்று நேரம் கழித்து, ஈரமான ஒரு கை அவர் பிடரியில் வந்து படிந்தது.

*

பாத்தியின் மேல்மண்ணை முழுவதும் வெட்டி எடுக்க வேண்டும். தளத்தை உடைக்க வேண்டும். நல்ல தண்ணீரை வெள்ளமாக விட்டு உப்பைக் கீழே இறக்க வேண்டும். பேருந்து ஓட்டியவரானாலும் ஒலிவக்காட்டில் பிறந்தவருக்கு அது தெரியும். அவ்வளவு நல்ல தண்ணீர் அந்தத் தெருவில் ஒரே இடத்தில்தான் இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம், ஹம்பீஸின் கிணற்றில்.

மதில்மேல் ஏறி அழைத்திருக்கலாம். ஆனால் காப்பிக்கடையில் சொன்ன சொல்லை மதில் ஓரத்தில் திரும்ப எடுக்க முடியாது என்று அவருக்குத் தோன்றிற்று. எதிர்வீட்டுப் பெண்ணை எலெங்கூவுக்குத் துணை வைத்துவிட்டு, மாலையில் காப்பிக்கடைக்குப் போனார். அன்று நின்ற அதே இடத்தில் நின்றார்.

"மரத்தைக் கொன்னது ஹம்பீஸ் இல்ல" என்றார். "வேற ஆளு."

"யாருய்யா?"

"அதை அவன் முன்னாடிதான் சொல்லணும். அன்னிக்கு உங்க எல்லார் காதுலயும் போட்டேன். இன்னிக்கும் நீங்க இருக்கணும். எழுந்து வாங்க."

"காப்பி இப்பதான்யா வந்துச்சு!"

"கோப்பையோட வா."

அப்படித்தான் அந்த ஊர்வலம் போயிற்று. சிலர் கையில் கோப்பையோடும், ஒருவர் சீட்டுகளை எதிராளி பார்க்காதபடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டும். பியேரிஸ் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டுக் கடைசியாக வந்தார். "கோப்பை ஒன்னு குறைஞ்சாலும் உங்க வீட்டுக்கே வந்து எண்ணுவேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தார்.

ஹம்பீஸ் தம் வீட்டு முற்றத்தில் கொப்பரையைக் கிண்டிக்கொண்டிருந்தார். கூட்டத்தைக் கண்டும் நிமிரவில்லை. சொதீரா இடுப்புத் துணியில் கையைத் துடைத்தபடி வாசலில் நின்றுவிட்டாள்.

"மச்சான்" என்றார் லோயிசோஸ்.

"பால் திரியுற நேரம். பேச்சுக் குடுத்தா கெட்டுப்போகும்."

"நீ கிண்டு. நான் சொல்லிட்டுப் போறேன்."

நேராகச் சொல்ல அவருக்கு வழி தெரியவில்லை. எலெங்கூ பேச்சோடு இருந்த நாளில் தெருப்பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை ஒன்று அவருக்கு நினைவு வந்தது. அதையே பற்றிக்கொண்டார்.

"ஒரு முள்ளெலி இருந்துச்சு. குட்டி மேல அதுக்கு உயிரு. குளிர்னா குட்டியைக் கட்டிப் பிடிச்சுப் படுத்துக்கும். விடிஞ்சு பாத்தா குட்டி உடம்பெல்லாம் ரத்தம். 'பாம்பு வந்து கடிச்சிருக்கு'ன்னு வளை வாசல்ல போய்க் காவல் இருந்துச்சு. பாம்பைப் பத்திக் காடு முழுக்கச் சொல்லி வச்சுது. குட்டி வலியில கத்தும்; 'பாம்புக்குப் பயந்து கத்துது'ன்னு இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கும்..."

"இந்த வயசுல முள்ளெலிக் கதை சொல்லவா எங்களைக் கிளப்பிக் கூட்டிட்டு வந்த?" என்று சீட்டுக்காரர் சிரித்தார். பியேரிஸ் அவர் விலாவில் முழங்கையால் இடித்தார். சிரிப்பு நின்றது.

"அந்த முள்ளெலி நான்தான்" என்றார் லோயிசோஸ். "ஊறுகாய்ச் சாடியோட உப்புத் தண்ணி பூரா நான்தான் ஊத்தினேன். தினமும் ஊத்தினேன். பாத்தியில வெள்ளையா இருந்தது உன் பால் இல்ல மச்சான், என் உப்பு. எலெங்கூ வேணாம் வேணாம்னு கத்தினா. எனக்கு விளங்கல. உன் மரத்தைக் கொன்னேன். உன் பேரைக் கெடுத்தேன். ஒரு வயித்துல பிறந்தவங்களைப் பிரிச்சு நடுவுல சுவர் வச்சேன். இவங்க எல்லாரும் அன்னிக்கும் கேட்டாங்க, இன்னிக்கும் கேக்கட்டும். நான் தண்ணி கேக்க வரல. சொல்ல வந்தேன்."

கொப்பரையில் துடுப்பு சுற்றிக்கொண்டே இருந்தது. பால் கட்டியும் நீருமாகப் பிரிந்தது. ஹம்பீஸ் துடுப்பை எடுத்துச் சாய்த்து வைத்தார், தீயை இழுத்துத் தணித்தார், கையைக் கழுவினார். அதெல்லாம் முடிந்த பிறகே திரும்பினார்.

"என் கட்டியை மோந்து பாத்து வாங்குனாங்க அத்தான்" என்றார். "இந்த ஊர்ல என் கட்டியை எவனும் மோந்து பாத்ததில்ல."

"தெரியும்."

"தெரியாது உங்களுக்கு." அவர் வேறு பக்கம் பார்த்தார். "என் அக்கா சாப்பிடுறாளா?"

"இல்ல."

சொதீரா அதற்குள் உள்ளே போயிருந்தாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"மரம் பிழைக்குமா மச்சான்?"

"நான் இன்னும் கிட்ட வந்து பாக்கவே இல்லையே. பாக்கவிட்டீங்களா?"

லோயிசோஸ் அதற்கு மேல் நிற்கவில்லை. வீட்டுக்குத் திரும்பி, கொட்டிலில் இருந்த சம்மட்டியை எடுத்தார். தாம் அடைத்த கதவின் முன்னால் நின்று முதல் அடி அடித்தார். கல் அசையவில்லை, நன்றாகத்தான் கட்டியிருந்தார். இரண்டாம் அடியில் தோள் விண்ணென்று தெறித்தது. அடித்துக்கொண்டே இருந்தார். முதல் கல் பிளந்து விழுந்து, ஒரு கை நுழையும் அளவு ஓட்டை ஆனபோது, அதன் வழியே ரப்பர்க் குழாயின் வாய் ஒன்று நீண்டு உள்ளே வந்தது. குழாயின் வாயிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இதைப் பிடிச்சு வேர்ல விடுங்க. மத்ததை அப்புறம் பேசலாம்" என்றது அந்தப் பக்கத்துக் குரல். "தூசி முழுக்க என் கொப்பரையில விழுது. நாளைக்கு ஊருக்கே சிமெண்டுக் கட்டிதான்."

மதிலின் அந்தப் பக்கம் கோப்பையோடு நின்றவர்கள் சிரித்தார்கள். லோயிசோஸ் குழாயை இழுத்துப் பாத்தியில் வைத்தார். தண்ணீர் வெள்ளைப் படலத்தின் மேல் பரவி, அதைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கியது. எலெங்கூ பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குரல் எழவில்லை. மரத்தில், மதிலை ஒட்டிய கிளைகளில் மட்டும், கொஞ்சம் இலை இருந்தது. அது போதுமா என்று சொல்ல அந்த முற்றத்தில் யாருமில்லை.

அவர் மறுபடியும் சம்மட்டியைத் தூக்கினார்.

"போதும் அத்தான், பழைய கதவு அளவு வந்துருச்சு. குனிஞ்சு வந்துடறேன்" என்றார் ஹம்பீஸ் சற்று நேரத்துக்குப் பின்.

"நில்லு."

பழைய நிலைக்கல்லுக்கு மேலே, மதிலையே பார்த்து ஓங்கினார் லோயிசோஸ். மூச்சு இரைத்தது, சட்டை முதுகோடு ஒட்டியது. ஊரிலேயே உயரமான மனிதன் தன் அக்காவிடம் தலை நிமிர்ந்து நடந்து வருகிற அளவுக்கு வழி திறக்கும்வரை, அவர் இடித்துக்கொண்டே இருந்தார்.